படகு லைசன்சும் மண் நிறச் சேலையும்

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. போர்ட் கிள்ளானில் படகு ஓட்டிக்கொண்டிருந்தேன். படகு என்றதும் பாய்மரம், கடல் காற்று என்று யாரும் கற்பனைக்குப் போய்விட வேண்டாம். டீசல் நாற்றம் பிடித்த மரப் படகு அது. இருபது பேர் உட்காரலாம், முப்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள். துறைமுகத்தில் இடம் கிடைக்காமல் வெளியே நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல்களுக்குச் சரக்கு இறக்கும் ஆட்களைக் காலையில் கொண்டுபோய் விட வேண்டும், மாலையில் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். என் அப்பாவும் அப்படிப் போய் வந்த ஆள்தான். ஒரு நாள் வீட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. அப்பாவைத் தெரிந்த சீனத் தவுக்கே, படகின் முதலாளி, என்னைக் கூப்பிட்டு வேலை கொடுத்தார். ஒரு வருடம் கயிறு பிடித்தேன், பிறகு சுக்கான் என் கைக்கு வந்தது.

நான் நன்றாக ஓட்டுவேன். இதைத் தற்பெருமை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். வற்று நேரத்தில் எந்த இடத்தில் சேறு மேலே வரும், எந்தக் கப்பலின் ஏணி வழுக்கும் எல்லாம் எனக்கு அத்துப்படி. ஒரே ஒரு தடவைதான் அசிங்கப்பட்டேன். தவுக்கே படகுக்குப் புதிதாக இரண்டு கண்ணாடி விளக்குகள் வாங்கிவந்து, சிவப்பை இடது பக்கமும் பச்சையை வலது பக்கமும் மாட்டச் சொன்னார். மாட்டினேன். அன்று மாலை எதிரே வந்த இழுவைப் படகு ஊதோ ஊதென்று ஊதியது. அதிலிருந்தவன் தலையில் அடித்துக்கொண்டு என்னைத் திட்டினான். விளக்கு இரண்டும் பக்கம் மாறி இருந்தன. "கண்ணை எங்க வச்சிக்கிட்டு வேலை செய்ற?" என்று தவுக்கே பாசார் மலாயில், சந்தையில் பேசும் கொச்சை மலாயில், கத்தினார். அவசரத்தில் மாட்டிவிட்டேன் என்று நானும் தலையைச் சொறிந்தேன். என்னைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள்.

சுக்கான் பிடித்து வாங்கிய முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு ஒரு சேலை எடுத்தேன். தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது. கிள்ளான் துணிக்கடையில் நிற்க இடமில்லை. கடைக்காரர் யாருக்கு என்று கேட்டார். அம்மாவுக்கு என்று மட்டும் சொன்னேன். அப்பா செத்துப்போய்விட்டார் என்ற வார்த்தை ஒரு வருடமாகியும் என் வாயில் வர மறுத்தது. அவர் எடுத்துப் போட்டதையெல்லாம் தள்ளிவிட்டு, அடுக்கிலிருந்து நானே ஒன்றை உருவினேன். நல்ல மண் நிறம். அடக்கமாக, கண்ணை உறுத்தாமல், தாலி இறக்கியவள் நாலு பேர் நடுவில் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. "எடுப்பான கலரு தம்பி," என்றார் கடைக்காரர். வியாபாரி அப்படித்தான் சொல்வார் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா சேலையை மடியில் விரித்துப்போட்டு வெகுநேரம் பார்த்தாள். "இத நீயேவா எடுத்த?" என்று கேட்டாள்.

"ஆமா. உனக்குன்னு பாத்துப் பாத்து எடுத்தேன்."

"நான் கட்டிக்கவா?"

"கட்டிக்காம பொட்டியில வைக்கவா வாங்குனேன்?"

அழுதாள். முதல் சம்பளச் சேலைக்கு எந்த அம்மாதான் அழமாட்டாள் என்று நான் பெருமையாகக் குளிக்கப் போய்விட்டேன். தீபாவளிக்குக் கட்டினாள். அதன் பிறகு கோயில், கல்யாணம், காதுகுத்து, எதற்கும் அந்தச் சேலைதான். அப்பாவின் தங்கை, என் அத்தை, அந்தத் தீபாவளியோடு எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்தினாள். ஏன் என்று அம்மாவிடம் கேட்டதற்கு, "அவளுக்கு வேலை இருக்கும்லா," என்று பேச்சை முடித்துவிட்டாள்.

அடுத்த வருடம்தான் லைசன்ஸ் விவகாரம் வந்தது. ஆள் ஏற்றும் படகு ஓட்டுகிற எல்லோரும் பாதுகாப்புப் பாடம் படித்து, பரீட்சை எழுதி, சிஜில் வாங்கியாக வேண்டும், சிஜில் இல்லாதவன் சுக்கானைத் தொடக் கூடாது என்று படகுத்துறையில் நோட்டீஸ் ஒட்டினார்கள். சிஜில் என்றால் மலாயில் சான்றிதழ். தவுக்கே நோட்டீஸை இரண்டு முறை படித்துவிட்டு, "நீ போ. உனக்கு என்ன கஷ்டம்?" என்றார். எனக்கும் ஒரு கஷ்டமும் தெரியவில்லை.

மூன்று நாள் வகுப்பு. மின்விசிறி சுற்றாத ஒரு மண்டபம், மலாயில் பாடம். உயிர்காக்கும் மேலங்கி எத்தனை இருக்க வேண்டும், தீப்பிடித்தால் முதலில் எதை மூட வேண்டும், ஆள் தண்ணீரில் விழுந்தால் படகை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும், எதிரே வரும் படகுக்கு யார் வழிவிட வேண்டும். பள்ளிக்கூடத்தில் நான் இவ்வளவு ஒழுங்காகப் படித்திருந்தால் என் வாழ்க்கையே வேறு. படகில் வரும் ஆட்கள் காலையும் மாலையும் எனக்குப் பரீட்சை வைத்தார்கள். "தம்பி, எதிர்ல வர்றவனோட சிவப்பு லைட்டு உன் கண்ணுக்குத் தெரியுது, நீ என்னா செய்வ?" என்று ஒருவர் கேட்பார். நான் பதில் சொன்னதும், "பாஸ்! பாஸ்!" என்று பலகையைத் தட்டுவார்கள். அவர்களில் பாதிப் பேர் அப்பாவோடு வேலை செய்தவர்கள். நான் தேறினால் தாங்களே தேறியதுபோல் நினைத்திருந்தார்கள்.

எழுத்துப் பரீட்சையில் தேறினேன். படகை ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். நீரோட்டத்தின் இழுப்பு பலமாக இருந்த நேரம். துறையில் முட்டாமல், உரசாமல் கொண்டுவந்து அணைத்தேன். பரீட்சை வைத்த மலாய் அதிகாரி, என் அப்பா வயது இருக்கும், "பாகுஸ்," என்றார். நல்லாச் செய்தாய் என்று அர்த்தம். இனி கண் பரிசோதனை மட்டும் பாக்கி, அது சும்மா ஒரு படிவத்தை நிரப்பத்தான் என்றார்.

உள்ளே மேசைக்கு முன்னால் உட்காரவைத்து ஒரு புத்தகத்தைத் திறந்தார். பக்கம் முழுக்க வண்ணப் புள்ளிகள். முதல் பக்கத்தில் பன்னிரண்டு என்று தெரிந்தது, சொன்னேன். அடுத்த பக்கத்தைப் புரட்டினார். புள்ளிகள். "என்ன நம்பர்?" என்றார். நான் நம்பரைத் தேடினேன். அடுத்த பக்கமும் புள்ளிகள். அதற்கு அடுத்ததும் புள்ளிகள். விளையாடுகிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவரும் அதே சந்தேகத்தோடு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எட்டு இருக்குது தம்பி. பெரிய எட்டு. தெரியலையா?" இரண்டாம் பக்கத்துக்குத் திரும்பி, விரலால் அதன் மேல் எட்டு போட்டுக் காட்டினார். அவர் விரல்தான் தெரிந்தது.

அவர் ஜன்னலைத் திறந்து வெளிச்சத்தில் காட்டினார். புத்தகத்தைத் தூர வைத்துக் காட்டினார், கிட்டக் கொண்டுவந்து காட்டினார். கடைசியில் பேனாவை எடுத்தவர் எழுதாமல் வைத்துவிட்டார். ஒரு மாதம் கழித்துத் திரும்ப வா, அதற்குள் ஒரு கண் டாக்டரைப் பார் என்றார். அவர் என்மேல் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். நானும் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பேன்.

தவுக்கே நம்பவில்லை. கோப்பிக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், மீனுக்கு வைக்கும் நறுக்கிய மிளகாய்த் தட்டை என் முன்னால் தள்ளினார். "சிவப்பு மிளகாயை மட்டும் எடு." நான் நிதானமாகப் பொறுக்கி ஓரத்தில் வைத்தேன். அவர் குனிந்து பார்த்தார். பிறகு கோப்பியை ஒரே மூச்சில் குடித்தார். பாதி பச்சை மிளகாய் என்று பக்கத்து மேசைக்காரன் சொன்னான். அப்போதுதான் அந்தக் கண்ணாடி விளக்குகள் ஞாபகம் வந்தன. தவுக்கேயின் முகத்தைப் பார்த்தேன், அவருக்கும் அதுதான் ஞாபகம் வந்திருந்தது.

ஆனால் ஒரு வருடமாக நான் ஓட்டிக்கொண்டிருந்தேனே! கால்வாய் விளக்குகளில் ஒன்று மங்கலாக எரியும், ஒன்று வெளுப்பாக எரியும். மங்கலைத்தான் சிவப்பு என்கிறார்கள், வெளுப்பைத்தான் பச்சை என்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். சாலை விளக்கில் மேலே இருப்பது சிவப்பு, கீழே இருப்பது பச்சை. எல்லோருக்கும் உலகம் இப்படித்தான் இருக்கிறது என்று இருந்துவிட்டேன். வேறு எப்படி இருக்கும் என்று யாரிடம் போய்க் கேட்பது?

அம்மா வீட்டில் விஷயத்தைக் கேட்டதும், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் நல்ல கண் டாக்டர் இருக்கிறார், கவர்மெண்டு ஆஸ்பத்திரியில் பெரிய வேலையில் இருந்த யாழ்ப்பாணத்துக்காரர் என்று விசாரித்துக்கொண்டு வந்தாள். அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். இரண்டு பஸ் மாறிப் போனோம். பிரிக்ஃபீல்ட்ஸில் வெள்ளைக் கோல் பிடித்தபடி பார்வையற்றவர்கள் போய்க்கொண்டே இருப்பார்கள், அங்கே அது சாதாரணம். ஒருவர் சாலையைக் கடக்க நின்றார். அம்மா ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். "விடுங்கம்மா, தினம் போற ரோடுதான்," என்று சிரித்தபடி கையை விடுவித்துக்கொண்டு அவர் நேராக நடந்து போனார். எனக்கு எரிச்சலாக வந்தது. அவர்மேலா அம்மாமேலா என்று தெரியவில்லை. இங்கே வருகிற எவனுக்கும் தன் வழி தெரிகிறது, கண் இரண்டும் திறந்திருக்கிற எனக்குத்தான் இல்லை என்று தோன்றியது.

டாக்டரிடமும் அதே புத்தகம் இருந்தது. பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார்.

"தம்பி, இது வருத்தம், நோய் எண்டு இல்லை. பிறக்கேக்கையே உமக்கு இப்பிடித்தான். சிவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியாது. மருந்தும் இல்லை, கண்ணாடியும் இல்லை."

"ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க டாக்டர். நான் நல்லா ஓட்டுவேன்," என்றேன்.

"நீர் நல்லா ஓட்டுவீர் எண்டு எழுதலாம். நிறம் தெரியும் எண்டு நான் பொய் எழுதேலாது. படகில சனமெல்லோ இருக்குது?"

அம்மா மெதுவாகக் கேட்டாள். "இவனுக்கு ஏங்க இப்பிடி வந்துச்சு?"

"தாய் வழியால வாறது அம்மா. உங்களுக்குத் தெரியாமலே உங்களிட்ட இருந்திருக்கும். உங்கட தகப்பனுக்கும் இருந்திருக்கலாம்."

அம்மா தலையை ஆட்டினாள். கதவு வரை போனவள் திரும்பி நின்றாள். "இவன் கண்ணுக்குச் சிவப்பு எப்பிடிங்க தெரியும்?"

"மண் மாதிரி, மரப்பட்டை மாதிரித் தெரியும்."

அம்மா வெளியே வந்தாள். பஸ்ஸில் கிள்ளான் வரும் வரைக்கும் பேசவில்லை. மடியில் கிடந்த முந்தானையைத் தடவிக்கொண்டே வந்தாள். அந்த மௌனம் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. அவள் என்னைச் சமாதானம் செய்ய வேண்டும் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ. "எல்லாம் உன்னாலதான்," என்றேன். "அப்பாகிட்டேருந்து வந்திருந்தாலாவது செத்தவரைத் திட்டிட்டுப் போயிருப்பேன்." முன்சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்படிச் சொன்ன வாயை இன்றைக்கும் நான் மன்னிக்கவில்லை.

அந்த ஒரு மாதத்தில் அம்மா அம்மன் கோயிலுக்கு மூன்று செவ்வாய்க்கிழமை போனாள். மூன்றாவது செவ்வாயன்று வெள்ளித் தகட்டில் செய்த கண்மலர் இரண்டு வாங்கி அம்மனுக்குச் சாத்தினாள். அம்மை போட்டுக் கண் கெட்டவர்களும் புரை விழுந்தவர்களும் சாத்துவது அது. டாக்டர் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டாரே என்று நான் சிடுசிடுத்தேன். "டாக்டர் அவரால முடியாதுன்னுதானே சொன்னாரு," என்றாள். வெளியே கிண்டல் செய்தேனே தவிர, குளிக்கும்போது வாளியையும் சோப்பையும் உற்று உற்றுப் பார்த்தேன். ஏதாவது மாறியிருக்கிறதா என்று பக்கத்து வீட்டுச் செம்பருத்திச் செடியிடம் போய் நின்றேன். பூவை வடிவத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தேன், எப்போதும் போல.

இரண்டாம் பரீட்சை நாளன்று அம்மாவும் கூடவே வருவேன் என்றாள். அந்தச் சேலையைத்தான் கட்டியிருந்தாள். கட்டுவதற்கு முன்னால் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள், நான் நேரமாகிறது என்று சத்தம் போட்ட பிறகுதான் கட்டினாள். என் நெற்றியில் கோயில் குங்குமத்தை வைத்தாள்.

அதே அதிகாரி. அதே மேசை. இந்த முறை அவரே ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார். பன்னிரண்டு என்றேன். அடுத்த பக்கத்தைப் புரட்டிவிட்டுக் காத்திருந்தார். நான் கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தேன். தண்ணீர் வழிந்தது. இங்கே எட்டு இருக்கிறது என்று எனக்குத் தெரியும், போன தடவை அவரே வரைந்து காட்டியிருக்கிறார். எட்டு என்று சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. அடுத்த பக்கத்தைப் புரட்டினார். என்னால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. "எனக்கு ஒண்ணும் தெரியல சார். போன தடவை நீங்க காட்டுனத வச்சித்தான் சொன்னேன்," என்றேன். அவர் புத்தகத்தை மெதுவாக மூடினார். "மாஃப், டிக்," என்றார். மன்னிச்சிடு தம்பி. எனக்குச் சிஜில் கொடுக்க முடியாததற்கு அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

வெளியே வந்தேன். அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். உச்சி வெயில். நிறுத்தத்தில் எங்களைத் தவிர யாரும் இல்லை.

"ஒண்ணு கேக்கவா?" என்றாள் அம்மா. "அந்தத் தீபாவளிக்கு இந்தச் சேலைய என்னா கலருன்னு நெனச்சு எடுத்த?"

அந்த நேரத்தில் இது என்ன கேள்வி என்று எனக்குக் கோபம் வந்தது. "மண்ணு கலரு. வேற என்னா?" என்று எரிந்து விழுந்தேன்.

"சிவப்புப்பா இது," என்றாள். "நல்ல குங்குமச் சிவப்பு."

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு கடைக்காரர் சொன்னது, அம்மா மடியில் விரித்துப் பார்த்தது, நான் கட்டிக்கவா என்று கேட்டது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. ஒரு வருடமாக என் அம்மா, புருஷன் செத்து ஒரு வருடம் நிறைந்த கையோடு, குங்குமச் சிவப்பில் கோயிலுக்குப் போயிருக்கிறாள்.

"உங்க அத்தை வந்து கேட்டா," என்றாள் அம்மா. அவள் குரலில் கோபம் இல்லை. "தாலி அறுத்தவளுக்கு எதுக்குச் சிவப்புன்னு. நான் சொன்னேன், எம் மகன் தெரிஞ்சுதான் எடுத்துக் குடுத்தான், அம்மா வெள்ளையும் சாம்பலுமா நிக்கிறது அவனுக்குப் புடிக்கல, அவன் குடுத்தத நான் கட்டுவேன்னு. அவகிட்ட நான் அம்புட்டுப் பெருமையாப் பேசுனேன்."

தெரிந்துதான் எடுத்தேன் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரு நிமிடத்துக்கு முன்னால், அந்தக் கேள்விக்குச் சிவப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பொய் சொல்வது எனக்குப் புதிதில்லை. சற்று முன்புதான் ஒரு எட்டைப் பொய்யாகச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். "இல்லம்மா, தெரிஞ்சிருந்தாலும் அதத்தான் எடுத்திருப்பேன்," என்றேன். எனக்கே அது நம்பும்படியாக இல்லை. அவள், "சரிப்பா, பஸ் வருது பாரு," என்றாள். பஸ்ஸில் உட்கார்ந்ததும் கைப்பையை எடுத்து மார்போடு வைத்து, முந்தானையை மறைத்துக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து படகுக்கு வேறு ஆள் வந்தான். தவுக்கே என்னை விரட்டவில்லை, கரையில் சாமான் எண்ணும் வேலை கொடுத்தார். காலையில் அப்பாவின் கூட்டாளிகள் படகில் ஏறும்போது என்னைப் பார்க்காத மாதிரி போவார்கள். கையாட்டினால் நான் அழுதுவிடுவேன் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அந்த வருடத் தீபாவளிக்கு அதே கடைக்குப் போனேன். சிவப்புச் சேலை வேண்டும், குங்குமச் சிவப்பு, என் அம்மாவுக்கு, அப்பா இல்லை என்று சத்தமாகவே சொன்னேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு எடுத்துப் போட்டார். பக்கத்தில் நின்ற இரண்டு பேரிடம், இது சிவப்புத்தானே என்று கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

அம்மா மடியில் விரித்துப் பார்த்தாள்.

"சிவப்புத்தான்மா," என்றேன். "இந்தத் தடவ மூணு பேர்ட்ட கேட்டுத்தான் எடுத்தேன்."

"தெரியுதுப்பா. நல்லாருக்கு," என்றாள். என் கன்னத்தைத் தொட்டாள். பிறகு எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்து, பழைய சேலையின் மேல் அதை வைத்து மூடினாள். தீபாவளியன்று சாம்பல் நிறத்தில் ஒன்றைக் கட்டிக்கொண்டு, எனக்கு இட்லி எடுத்து வைத்தாள்.

இரண்டும் இப்போது என்னிடம் இருக்கின்றன. அவள் இல்லை. அவள் கட்டியது ஓரத்தில் நைந்திருக்கும், கட்டாதது மடிப்புக் கலையாமல் இருக்கும், அதை வைத்துத்தான் எது எது என்று சொல்வேன். மற்றபடி என் கண்ணுக்கு இரண்டும் மண் நிறம்தான்.